பழைய மின்-இயந்திரப் பின்போல் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது: டிக்கோயா ஈரத்தில் அதை எப்படி வைத்திருப்பது?

பனிமேடு (டிக்கோயா):

வணக்கம். நுவரெலியாப் பக்கம் மூடப்பட்டுவிட்ட ஒரு பழைய விருந்தினர் விடுதியின் களஞ்சிய அறையிலிருந்து, சிக்காகோவின் கொட்லீப் நிறுவனம் 1976 இல் வெளியிட்ட ‘ரோயல் பிளஷ்’ என்னும் நால்வர் ஆடும் பின்போல் இயந்திரத்தைச் சென்ற மாதம் வாங்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரிந்த தளத்தில் ஓடும் உருக்குக் குண்டைத் துடுப்புகளால் தட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் அது. உள்ளே மின்னணுப் பலகை என்று ஒன்றுமே இல்லை. ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் ஆளிகள்), படிப்படியாக நகரும் வட்டுகளும், எண்கள் எழுதிய உருளைகளும், கை மொத்தத்துக்குக் கம்பிக் கட்டுகளும்தான் இருக்கின்றன. கால்களைக் கழற்றி, தலைப்பெட்டியைத் தனியாக எடுத்த பிறகும் நான்கு பேர் சேர்ந்துதான் அதை லொறியிலிருந்து இறக்க முடிந்தது. எங்கள் வீட்டு வாசலில் பதினொரு படிகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன்.

இப்போதுள்ள சிக்கல் இதுதான். ஆளியைப் போட்டால் விளக்குகள் எரிகின்றன. தொடங்கும் பொத்தானை அழுத்தினால் அடியிலுள்ள மோட்டார் சுழலத் தொடங்கி, எண் உருளைகள் எல்லாம் சடசடவென்று பூச்சியத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் மோட்டார் நிற்பதில்லை. குண்டும் வெளியே வருவதில்லை. நானாக ஆளியை அணைக்கும் வரை அது சுழன்றுகொண்டே இருக்கிறது. ஊரில் வீட்டு வயரிங் செய்யும் ஒருவரை அழைத்துக் காட்டினேன். துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பை எல்லாத் தொடுகைகளிலும் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் உலோக முனைகள்) அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றும், இல்லையென்றால் உள்ளே இருப்பதை எல்லாம் வெட்டியெடுத்துவிட்டு ஒரு சிறு கணினிப் பலகையைப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். மனம் ஒப்பவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். இயந்திரத்தின் தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று பொறித்திருக்கிறது. விடுதியிலிருந்து அதனுடனேயே ஒரு பழைய மின்மாற்றிப் பெட்டியும் வந்தது, அரை மணி நேரத்தில் அது கை வைக்க முடியாதபடி சுடுகிறது. அடுத்து, இதை வைப்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு இடங்கள்தான் உண்டு: கண்ணாடி அடைத்த முன் விறாந்தை, அல்லது கணப்பு உள்ள உள்ளறை. விறாந்தையில் இடம் தாராளம், வெளிச்சமும் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். எது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இணைப்பகம் (கண்டி):

தம்பி, அந்த எண்ணெய்த் தெளிப்பு அடிக்கப்படாமல் தப்பியது உங்கள் நல்ல காலம். நான் பின்போல் இயந்திரத்தோடு வாழ்ந்தவன் அல்லன். பழைய படிமுறைத் தொலைபேசி இணைப்பகத்தில் ஆளிகளையும் ரிலேக்களையும் சரிசெய்து சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பின்னர் உறவினர் ஒருவருடைய பின்போல் இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது, என் பழைய வேலைத்தலமே ஒரு மரப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. 1891 இல் தானியங்கித் தொலைபேசி ஆளிக்கு உரிமம் பெற்ற ஸ்ட்ரௌஜர், சவ அடக்கத் தொழில் செய்தவர். துடிப்பு ஒன்றுக்கு ஒரு படி என நகரும் அவருடைய ஏற்பாடுதான், உங்கள் இயந்திரம் எத்தனையாவது குண்டு ஆடப்படுகிறது என்பதை நினைவில் வைத்திருக்கும் வட்டிலும் இருக்கிறது.

முதலில் அந்த மோட்டார் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 500 புள்ளி தரும் இலக்கைக் குண்டு தட்டினால், மோட்டார் மூன்றில் ஒரு சுற்றுச் சுழன்று ஐந்து துடிப்புகளை அனுப்ப, நூறுகளின் உருளை ஐந்து முறை நகர்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் மணி ஒரு முறை அடிக்கிறது. புதிய ஆட்டம் தொடங்கும்போதும் இதே மோட்டார்தான் உருளைகளைத் தள்ளிப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வோர் உருளையின் பக்கத்திலும், பூச்சியத்துக்கு வந்ததும் திறந்துகொள்ளும் ஓர் இலைத் தொடுகை இருக்கிறது. எல்லா உருளைகளின் தொடுகைகளும் திறந்தால்தான் ‘வேலை முடிந்தது’ என்று இயந்திரம் அறிந்து, மோட்டாரை நிறுத்திக் குண்டை வெளியே தள்ளும். ஒன்றே ஒன்று திறக்காமல் இருந்தாலும், ஏதோ ஓர் உருளை இன்னும் பூச்சியத்துக்கு வரவில்லை என்று எண்ணி அது சுழன்றுகொண்டே இருக்கும்.

உங்களுடைய உருளைகள் எல்லாம் கண்ணுக்குப் பூச்சியம் காட்டுகின்றன என்கிறீர்கள். அப்படியானால் உருளைகளின் இயக்கத்தில் குறையில்லை. அந்தப் பூச்சியத் தொடுகைகளில் ஏதோ ஒன்று திறக்காமல் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, செருகியைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டு, ஒரு கைவிளக்கோடு ஒவ்வோர் உருளையாகப் பாருங்கள். பூச்சியத்தில் நிற்கும் உருளையின் தொடுகை இலைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாத இடம்தான் உங்கள் இடம்.

சுத்தம் செய்யும் முறை பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளித் தொடுகைகளை அரத்தாளால் தேய்க்காதீர்கள். அது வெள்ளியைத் தின்றுவிட்டு, துகள்களையும் அங்கேயே விட்டுப் போகும். திருமண அழைப்பிதழ் அட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்து, இரண்டு இலைகளுக்கும் நடுவே வைத்து, மெல்ல அழுத்திக்கொண்டு வெளியே இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழுவது நின்றதும் நிறுத்திவிடலாம். அற்ககோல் முழுதாகக் காயும் வரை மின்சாரம் கொடுக்கக்கூடாது. தெளிப்பு எண்ணெயின் முதல் குற்றம், அது தூசியைப் பிடித்து வைத்துப் பசையாக்குவது. அதைவிடப் பெரிய குற்றம், தொடுகைகள் பொறி பறக்கும் இடங்கள் என்பதும் அந்த எண்ணெயும் அதைத் தள்ளும் வாயுவும் தீப்பற்றக்கூடியவை என்பதும். மரப் பெட்டி, தம்பி.

படி வட்டுகள் கனத்து நகர்ந்தால், அவற்றைக் கழற்றிப் பழைய கிறீசை ஸ்பிரிட்டால் வழித்தெடுங்கள். ஐம்பது ஆண்டுக் கிறீஸ் மெழுகாகிவிட்டிருக்கும். கழற்றும் முன்னர் கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் எத்தனை சுற்று முறுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதை எழுதி வையுங்கள், ஏனென்றால் அது கையை விட்டு விரிந்த பிறகு எந்தப் படத்தாலும் பயன் இல்லை. மின்காந்தச் சுருள்களின் உள்ளே உள்ள நைலோன் உறைக்கு எண்ணெயே வேண்டாம். அது உலர்ந்து ஓட வேண்டிய இடம்.

கணினிப் பலகை யோசனையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

மூன்றாம் கம்பி (தலவாக்கலை):

மின்சாரப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் மின் வேலை பார்ப்பவன். மின்மாற்றி சுடுவதற்கு முதற்காரணம் அளவாக இருக்கலாம். பெட்டியின் மேல் எத்தனை வோல்ட்-அம்பியர் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். 500க்குக் குறைவாக இருந்தால் அது சவர இயந்திரத்துக்கும் வானொலிக்கும் விற்கப்பட்ட பெட்டி. ஆயிரம் வோல்ட்-அம்பியர் உள்ளதாகவும், முதற்சுற்றும் துணைச்சுற்றும் தனித்தனியாகச் சுற்றப்பட்டதாகவும் ஒன்றை வாங்குங்கள். ஒரே சுற்றிலிருந்து கிளை எடுத்த மலிவுப் பெட்டிகளில், நடுநிலைக் கம்பி விட்டுப்போனால் 230 வோல்ட்டும் இயந்திரத்துக்குள் நுழைந்துவிடும்.

இரண்டாவது காரணம் மீடிறன், அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை சைக்கிள் மாறுகிறது என்பது. 60 சைக்கிளுக்குக் கணக்குப் போட்டுச் சுற்றிய மின்மாற்றிக்கு அதே 115 வோல்ட்டை நம் 50 சைக்கிளில் கொடுத்தால், அதன் நடுவிலுள்ள இரும்பு அகணியில் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த அளவுக்கு அகணி நிரம்பிச் சூடாகும், உறுமும். இது வெளியில் இருக்கும் பெட்டியைவிட இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் மின்மாற்றிக்கே கூடுதல் கேடு. வோல்ட்டளவையும் அதே விகிதத்தில் குறைத்தால் சரியாகிவிடும்: 115ஐ 60ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் 96 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாதனங்களுக்காக விற்கப்படும் 100 வோல்ட் மின்மாற்றி இதற்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். விளக்குகள் சற்று மங்கலாகும், அவ்வளவுதான். மின்குமிழ்களுக்கு ஆயுளும் கூடும். மோட்டார் மீடிறனைப் பொறுத்து ஓடுவதால் அமெரிக்காவில் ஓடியதைவிட மெதுவாகத்தான் ஓடும், மணியும் கொஞ்சம் நிதானமாக அடிக்கும். அதைச் சரிசெய்ய வேண்டிய தேவை இல்லை.

இதைவிட முக்கியமானது புவித்தொடுப்பு. அந்தக் காலத்து இயந்திரங்களில் பல இரண்டு கம்பி வடத்தோடுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கின்றன. உங்களுடையதும் அப்படியானால் மூன்று கம்பி வடம் போட்டு, பச்சை-மஞ்சள் கம்பியை மின்மாற்றிச் சட்டம், நாணயக் கதவு, பக்கத் தண்டவாளங்கள், கால் ஆணிகள் என்று கை படக்கூடிய எல்லா உலோகத்துக்கும் இணையுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் சீமெந்துத் தரை வியர்க்கும்; ஆடுகிறவர் வெறுங்காலோடு நின்று இரண்டு கையாலும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். உருகி எரிந்தால் அதே அளவு உருகிதான். சிகரட் தாளின் ஈயக் கடதாசியைச் சுற்றும் பழக்கத்தை இந்த இயந்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் மாதமும் ஒக்டோபர், நவம்பரும் நமக்கு இடிமின்னல் மாதங்கள். ஆடி முடித்ததும் ஆளியை அணைத்தால் போதாது, செருகியைக் கழற்றிவிடுங்கள்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

எட்டு ஆண்டுகளாக இப்படியொரு இயந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேறு நிறுவனத்தினது, இதே பத்தாண்டைச் சேர்ந்தது. உள்ளறையில் வையுங்கள். பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

விறாந்தை வேண்டாம் என்பதற்குக் காரணம் வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவது. நுழைந்தவுடன் கண்ணில் படும் அந்தப் பின்கண்ணாடி இருக்கிறதே, அதில் உள்ள சீட்டுக்கட்டு ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட வண்ணப் பூச்சு. ‘ரோயல் பிளஷ்’ இயந்திரத்துக்கு ஆட்டத்தை வடிவமைத்தவர் எட் கிரின்ஸ்கி, ஓவியம் கோர்டன் மொரிசன். எழுபதுகளின் கொட்லீப் இயந்திரங்கள் பலவற்றில் இந்த இருவரின் கைவண்ணம்தான். மொரிசனின் படம் போய்விட்டால் அந்த இயந்திரத்தின் முகமே போய்விடும். பகலில் கண்ணாடி சுட்டு விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது, பூச்சு அதோடு ஒத்துப்போக முடியாமல் செதிலாக உதிர்கிறது. பின்புறத்தை ஒருபோதும் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த துணியாலும் துடைக்காதீர்கள். ஒட்டடை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே காரணத்துக்காக மின்குமிழ்களையும் மாற்றுங்கள். இவற்றில் 44 ஆம் இலக்கக் குமிழ்களும் 47 ஆம் இலக்கக் குமிழ்களும் ஒரே தாங்கியில் பொருந்தும், இரண்டும் 6.3 வோல்ட். முன்னது கால் அம்பியர் இழுக்கும், பின்னது 0.15 அம்பியர்தான். தலைப்பெட்டிக்குள் இத்தனை குமிழ்கள் ஒன்றாக எரியும்போது அந்த வேறுபாட்டைக் கையை வைத்தே உணரலாம். எல்இடி போட்டுப் பார்த்தேன். மாறுமின்னோட்டத்தில் அது படபடவென்று நடுங்கியது, ஓவியமும் மருத்துவமனைச் சுவர்போல வெளிறிப்போனது. கழற்றிவிட்டேன்.

ஈரத்தைப் பற்றி. எங்கள் பக்கத்துக்கு ஆடி, ஆவணியில் உலர்ந்த காற்று அடிக்கும், தேயிலைக்கும் அதுதான் நல்ல மணம் தரும் பருவம். இயந்திரமும் அந்த இரண்டு மாதம் சொன்ன பேச்சைக் கேட்கும். உங்கள் பக்கத்துக்கோ அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை. ஆகவே என்னைவிட நீங்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஈரமானியொன்றை அறையில் மாட்டுங்கள். சாரீரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65ஐத் தாண்டினால் ஒட்டுப்பலகை ஊதத் தொடங்கும், படி வட்டுகளை நகர்த்தும் உருக்கு நகங்களில் துருப்புள்ளி வரும். உடுப்பு அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க நம் வீடுகளில் சிறு மின்குமிழ் ஒன்றை எரியவிடுவோம் அல்லவா, அதே வேலையைத்தான் நான் இதற்கும் செய்கிறேன்: பெட்டியின் அடியில், மரத்திலிருந்தும் கம்பியிலிருந்தும் தள்ளி, கம்பி வலைக்கூட்டுக்குள் 15 வோட் குமிழ். கணப்பு மூட்டும் அறையென்றால் இயந்திரத்தைக் கணப்புக்கு எதிர்ச் சுவரில் வையுங்கள். கரி தொடுகைகளுக்கு ஆகாது.

வாரத்தில் இரண்டு நாளாவது ஆடுங்கள். தொடுகைகள் ஒன்றையொன்று உரசி ஓடும்போது தம்மைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. மூன்று மாதம் துணி போர்த்தி வைத்த இயந்திரம்தான் எனக்கு எப்போதும் தொந்தரவு தந்திருக்கிறது.

இன்னொன்று, சிரிக்க வேண்டாம்: என் மைத்துனர் ஒரு நாள் குண்டு வேகமாக ஓடட்டும் என்று கரம் பலகைப் பவுடரை ஆடுதளத்தில் தூவிவிட்டார். அது ஓட்டைகள் வழியாக அடித்தட்டுக்குப் போய் எல்லாத் தொடுகையிலும் படிந்தது. எடுக்க எனக்கு ஒரு கிழமை ஆயிற்று. ஆடுதளத்துக்கு நீரும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்; காருக்குப் பூசும் கெட்டியான கார்னோபா மெழுகு போதும்.

மூன்றாம் கம்பி அண்ணன் சொன்ன 100 வோல்ட்டில் எனக்கு ஒரு சந்தேகம். நான் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தபோது பிளிப்பர்கள் (குண்டைத் தட்டும் துடுப்புகள்) சோர்ந்து, குண்டு மேல் மூலைக்குப் போகவே இல்லை. 110க்கு மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது.

மூன்றாம் கம்பி (தலவாக்கலை):

சோர்வு வோல்ட்டால் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிளிப்பர் சுருளில் இரண்டு சுற்றுகள் உண்டு: தூக்குவதற்கு வலுவானது, தூக்கிய நிலையில் பிடித்திருக்க மெல்லியது. துடுப்பு மேலே போய் முட்டும் தறுவாயில் ஒரு தொடுகை திறந்து, மெல்லிய சுற்றையும் பாதையில் சேர்க்கும். அந்தத் தொடுகை அழுக்காக இருந்தால் முதலிலிருந்தே மெல்லிய சுற்றின் வழியாகத்தான் மின்னோட்டம் போகும், துடுப்பு சோரும். 110 கொடுத்ததால் அந்த அழுக்கு தெரியாமல் போயிருக்கலாம். சுத்தம் செய்துவிட்டு 100இல் மறுபடி பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால், இந்த இயந்திரங்களின் மின்மாற்றியிலேயே குறைந்த வோல்ட் உள்ள இடங்களுக்கென்று உயர் முனை ஒன்று இருக்கும். சுருள்களுக்குப் போகும் கம்பியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதையும் அளந்து பாருங்கள். தோட்டத்துக் கடைசிக் கம்பத்தில் நான் 200க்குக் கீழேயும் கண்டிருக்கிறேன்.

இணைப்பகம் (கண்டி):

சரியாகச் சொன்னார். அந்தத் தொடுகை மட்டும் டங்ஸ்டன், அட்டைக்கு மசியாது. அதற்கு மட்டும் சிறிய நுண் அரம் பாவிக்கலாம். அது ஒருபோதும் திறக்காமல் இருந்துவிட்டால் சுருள் எரிந்துவிடும் என்பதையும் பனிமேடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அது திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

பனிமேடு (டிக்கோயா):

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தலைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் ஆட்டக்காரரின் ஆயிரங்களின் உருளையில், பூச்சியத் தொடுகையின் பின்னால், மண்கூடு கட்டும் குளவி ஒன்று விரல்நுனி அளவுக்கு வீடு கட்டி வைத்திருந்தது. காய்ந்து கல்லாகிப்போன அந்த மண் வெளி இலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்ததால், உருளை பூச்சியத்தில் நின்றபோதும் தொடுகை திறக்க வழியில்லாமல் இருந்தது. பல்குத்தும் குச்சியால் துகள் துகளாகச் சுரண்டி, உறிஞ்சுகருவியால் இழுத்துவிட்டு, இணைப்பகம் ஐயா சொன்னபடி அட்டையால் துடைத்தேன். என் அண்ணனுடைய திருமண அழைப்பிதழ்தான் கிடைத்தது. தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் நின்றது, குண்டு ‘டொக்’ என்று வெளியே வந்தது. என் மகள் கைதட்டினாள்.

பழைய மின்மாற்றிப் பெட்டியில் 300 வோல்ட்-அம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு 100 வோல்ட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும் வரை பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஆடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். வடம் இரண்டு கம்பிதான், மாற்றுகிறேன். உள்ளறையில் கணப்புக்கு எதிர்ச் சுவரில் வைத்தாகிவிட்டது. தரை ஒரு பக்கம் சரிந்திருந்ததால் கைத்தொலைபேசியின் மட்டமானியைக் கண்ணாடிமேல் வைத்துக் கால் ஆணிகளைத் திருகி, பக்கவாட்டில் மட்டமாகவும் நீளவாக்கில் மூன்றரைப் பாகை சரிவாகவும் கொண்டுவந்தேன். அதற்கு முன்னர் பெட்டியை யாராவது தொட்டாலே, பலமாக ஆட்டினால் மட்டும் எரிய வேண்டிய ‘டில்ட்’ விளக்கு எரிந்தது. உள்ளே தொங்கும் ஊசற்குண்டு வளையத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றிருக்கிறது.

ஒன்றுதான் மிச்சம். குண்டு முழுக்கத் துருக்குழிகளாக இருக்கிறது, ஆடுதளத்தைக் கீறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒற்றைக் குண்டுக்காகப் பொதி வரவழைக்க வேண்டுமா?

மூன்றாம் கம்பி (தலவாக்கலை):

வேண்டியதில்லை. அதன் விட்டம் ஓர் அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும், அதாவது 27 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. எடை ஏறத்தாழ 80 கிராம். பெயாரிங் விற்கும் கடையில் அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள், கையில் பழைய குண்டையும் கொண்டுபோங்கள். துருப்பிடித்ததை இன்றே எடுத்துவிடுங்கள். புதியது வரும் வரை ஆட வேண்டாம்.